கழுகண்ணன் திருப்பிப் போட்டார்

உண்மையை நேருக்கு நேர் கண்டவர்கள் என்று மனித வரலாற்றில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் உண்டு. அவர்களில் ஒருவர் அன்று காலை தம் வீட்டு வாசலில் நின்றிருந்தவரைப் பார்த்து, "ஏன் அங்கயே நிக்கிறீங்க, உள்ள வாங்க" என்று அன்போடு அழைத்தார். பதில் வராததால் சற்று மனம் நொந்தார்.

"அது குடைங்க" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்காமலேயே. நேற்றும் அதே குடைதான்.

ஊர் உலகத்துக்கு அவர் கழுகண்ணன். கையில் ஒரு செல்போனும் மனதில் ஒரு குறையும் உள்ள யாரைக் கேட்டாலும் தெரியும். அவருடைய தத்துவம் மொத்தமும் "கண்ணாடியைக் கழட்டு" என்ற இரண்டு சொற்களில் அடங்கிவிடும். கண் என்பது செல்லம் கொடுத்துக் கெட்ட பிள்ளை. இடுப்பிலேயே தூக்கிக்கொண்டு திரிந்தால் அது எப்போது நடக்கும் என்பது அவருடைய புகழ்பெற்ற கேள்வி. கண் மருத்துவர்களும் கண்ணாடிக் கடைக்காரர்களும் சேர்ந்து நடத்தும் சதி என்பது அவருடைய புகழ்பெற்ற பதில். இதை நம்பியவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். நம்பாமல் வந்து திட்டியவர்கள் அதைவிட அதிகம். இரண்டு கூட்டமும் தவறாமல் பார்த்தது.

இத்தனைக்கும் காரணம் ஓர் ஈ.

அப்போது அவர் ஒரு பார்சல் கம்பெனியில் முகவரி சரிபார்க்கும் வேலையில் இருந்தார். மாலையில் வீட்டுக்கு வந்து, நேர்முகத் தேர்வில் தன்னம்பிக்கையோடு பேசுவது எப்படி என்று வீடியோ போடுவார். அதைப் பார்த்தவர்களில் பெரும்பாலானோர் மனைவி வழிச் சொந்தம். ஒருநாள் தன்னம்பிக்கையின் உச்சத்தில் ஈ ஒன்று மூக்கில் வந்து உட்கார்ந்தது. ஓங்கி அடித்தார். ஈ தப்பியது. தடித்த கண்ணாடி பறந்துபோய்ச் சுவரில் மோதிச் சுக்குநூறானது. என்ன செய்வதென்று தெரியாமல் கேமரா இருந்த திசையை உத்தேசமாகப் பார்த்து, "போனா போகட்டும், இனிமே எனக்கு இது தேவையில்ல" என்றார்.

மனைவியின் அண்ணன், அதாவது மச்சான், அதற்கு முன்னும் பின்னும் இருந்ததை வெட்டி எறிந்துவிட்டு அந்த ஒரு துண்டை மட்டும் வெளியிட்டார். ஈ அதில் தெரியவில்லை. ஒரு மனிதன் திடீரென்று தன் முகத்தில் தானே அறைந்துகொண்டு கண்ணாடியை வீசுவது மட்டும் தெரிந்தது. விடிவதற்குள் நாடே அதைப் பார்த்திருந்தது. "அன்றிலிருந்து கண்ணாடி போடவே இல்லையா அண்ணா?" என்று சில நாள் கழித்து ஒருவர் கேட்டிருந்தார். மச்சான் இவரிடம் கேட்காமலேயே "இல்லை தம்பி" என்று பதில் போட்டார். அந்த இரண்டு சொற்களுக்குள்தான் இவர் இப்போது குடும்பத்தோடு குடியிருந்தார்.

வேலையை விட்டாயிற்று. பார்க்கப்போனால், முகவரி தெரியாமல் முகவரி எப்படிச் சரிபார்ப்பது?

மச்சானுக்கும் கொள்கை உண்டு. "திட்டுறவன்தான் மாப்ளே நம்ம சொந்தக்காரன். பாராட்டுறவன் ஒரு தடவை பார்த்துட்டுத் தூங்கப் போயிடுவான். திட்டுறவன் திரும்பத் திரும்ப வருவான், பொண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டுவான்." அதனால் வாரம் ஒரு தரப்பை வம்புக்கு இழுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு வாரம் கண் மருத்துவர்கள். ஒரு வாரம் கண்ணாடி போட்ட நீதிபதிகள். ஆள் கிடைக்காத வாரத்தில் நூலகங்கள். மருத்துவர்கள் சங்கம் கண்டன அறிக்கை விட்ட அன்று மச்சான் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார்.

பேச வேண்டியதை மனைவி சுவரொட்டித் தாளில் உள்ளங்கை அகல எழுத்துகளாக எழுதிக் கேமராவுக்கு மேலே ஒட்டுவாள். பெரிய சொல் வந்தால் தாள் கொள்ளாது. அதனால் கழுகண்ணன் சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பேசுவார். அதையே ஒரு பாணி என்று இளைஞர்கள் பின்பற்றினார்கள். ஒவ்வொரு வீடியோவின் கடைசியிலும் 'தூரப்பலகை' என்று ஒரு பகுதி. அண்ணன் ஜன்னலோரம் போய், தெருக்கோடியில் இருக்கும் ஏதாவது ஒரு கடைப் பலகையை வெறும் கண்ணால் படித்துக் காட்டுவார். கீழே பொடி எழுத்தில் இருக்கும் தொலைபேசி எண்ணையும் விட மாட்டார். முந்தின நாள் மனைவி போய்ப் பார்த்து எழுதிவந்து வாசிப்பாள். இவர் கூடத்தில் நடந்துகொண்டே மனப்பாடம் செய்வார். அடுத்த தெருவரை உள்ள எல்லா அச்சகம், மருந்துக்கடை, தையலகத்தின் எண்களும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸையும் முயன்று பார்த்தார். கண் சிவந்து நீர் கொட்டியது. அண்ணனை அழவைத்தது யார் என்று அவருடைய ரசிகர்களான கழுகுப் படை ஒரு வாரம் ஆள் தேடியது. அறுவை சிகிச்சைக்கு எந்த மருத்துவரிடம் போவது? இவர் திட்டாத மருத்துவர் யாரும் மிச்சமில்லை.

வெளியே போனால் மனைவியின் கைதான் கண். முழங்கையை ஒரு அழுத்து அழுத்தினால் படி. இரண்டு அழுத்தினால் தெரிந்தவர், சிரிக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக வந்தால் படியைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தெரிந்தவர்மேல் ஏறிவிடுவார்.

பழைய கண்ணாடி ஒன்று மிச்சமிருந்தது. அது குளியலறையில், சோப்புத் தூள் டப்பாவுக்குள். தாழ்ப்பாள் போட்டபின் எடுத்து மாட்டிக்கொள்வார். கூடத்தில் மாட்டினால் எதிர்வீட்டு மாடியிலிருந்து யாராவது படம் எடுத்துவிடுவார்கள், பிள்ளை பள்ளிக்கூடத்தில் உளறிவிடும் என்பது மச்சானின் உத்தரவு. ஆகவே உலகத்தில் அவர் தெளிவாகப் பார்த்த இடம் அது ஒன்றுதான். குழாயின் துரு, ஓட்டின் விரிசல், வாளியின் கைப்பிடி எல்லாவற்றையும் அவர் நெருங்கிய உறவினர்களைப்போல அறிவார். மனைவியின் முகத்தைக் கடைசியாக ஒழுங்காகப் பார்த்தது எப்போது என்று அங்கே உட்கார்ந்துதான் யோசிப்பார்.

இந்த நிலையில் மகளின் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது.

பாப்பாவுக்கு எட்டு வயது. வகுப்பாசிரியை சுற்றி வளைக்காதவர். இவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, "உங்க பொண்ணு பலகையில இல்லாததைப் படிக்கிறா" என்றார்.

"புத்திசாலி" என்றார் கழுகண்ணன், சுவரில் மாட்டியிருந்த நிலப்படத்தைப் பார்த்து. மனைவி முழங்கையைப் பிடித்து அவரை ஆசிரியை பக்கம் திருப்பினாள்.

"இன்னைக்கு நான் பலகையில எதுவுமே எழுதல சார். சும்மா கூப்பிட்டு, படிம்மான்னேன். எழுந்து நின்னு கடகடன்னு படிச்சா. அத்தனையும் நேத்து எழுதினது. ஒரு எழுத்து பிசகல. முழு மார்க் குடுக்கலாம், எதுக்குக் குடுக்கிறதுன்னுதான் தெரியல."

ஆசிரியை வருகைப் பதிவேட்டை மூடிவைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"பக்கத்துல உட்கார்றவகிட்ட கேட்டுக் கேட்டு மனசுல ஏத்திக்கிறா. எத்தனை நாளைக்கு முடியும்? அடுத்த வருஷம் பெரிய பெரிய கணக்கு வரும், படம் வரும். ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டா தீர்ந்துபோற விஷயம்." ஆசிரியை தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "உங்களுக்கு அதுல ஏதோ கொள்கை இருக்குன்னு பசங்க சொன்னாங்க. கொள்கை உங்களோடவே இருக்கட்டும். பிள்ளைக்குப் பலகை தெரியணும்."

திரும்பி நடந்து வரும்போது பாப்பா நடுவில், ஆளுக்கொரு கை பிடித்து வந்தாள்.

"பலகை உனக்குத் தெரியலையா கண்ணு?" என்றார் அவர்.

"தெரியுதே. கறுப்பா, மேல வெள்ளையா."

"எழுத்து?"

"எழுத்து எப்படிப்பா தெரியும்? அதை முன்னாடியே கேட்டுவெச்சுக்கணும்ல?"

"யாரு சொன்னா அப்படி?"

"நீ அப்படித்தானே படிக்கிற. அம்மா வந்து சொல்லுவாங்க, நீ நடந்து நடந்து மனப்பாடம் பண்ணுவ, அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிப் படிப்ப."

தெருவில் ஏதோ ஒரு பெரிய மஞ்சள் மங்கல் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"சரி, மத்த பசங்கல்லாம் எப்படிப் படிக்கிறாங்கன்னு நினைச்ச?"

"அவங்க வீட்டுலயும் அம்மா இருப்பாங்கல்ல" என்றாள் பாப்பா.

அன்று மாலை மச்சான் போனில் வந்தார். மனைவி போனை மேசைமேல் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி செய்தாள்.

"கழுகு வீட்டுல கண்ணாடியா? வெளிய தெரிஞ்சா மானம் கப்பலேறிடும். முன் பெஞ்சுல உட்கார வைக்கச் சொல்லு."

"முன் பெஞ்சுலதாண்ணே உட்கார்றா."

மச்சான் யோசிக்கும் சத்தம் கேட்டது. அவர் யோசிக்கும்போது பேனாவைத் தட்டுவார். "அப்ப ஒண்ணு பண்ணலாம். வாங்கிக் குடுங்க. வீட்டுல மட்டும் போடட்டும். மாப்ளே போடுற இடத்துலயே."

"குளிக்கிற ரூம்லயா?"

"ஒரு ஆணி அடிச்சா முடிஞ்சுது. கூடவே ஒரு சின்ன பலகையும் மாட்டிடுங்க."

மனைவி போனை அணைத்தாள். கணவரின் முகத்துக்கு வெகு அருகில் வந்து நின்றாள், அவருக்குத் தெரியட்டும் என்று.

"நாளைக்கு சாயங்காலம் இவளைக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிட்டுப் போறேன். அவ அதைப் போட்டுக்கிட்டு நடுத்தெருவுல நடப்பா. அதுக்குள்ள நீங்க சொல்ல வேண்டியதை நீங்களே சொல்லிடுங்க. இல்ல, எவனாவது இவளைப் படம் பிடிச்சுப் போட்டு, கழுகுக்குப் பொறந்தது என்னன்னு கேட்பான். அது இவ காதுல விழுந்துச்சுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்."

அவர் குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வெகுநேரம் வாளியைப் பார்த்தார். பிறகு முடிவெடுத்தார். அடைபட்டுக் கிடப்பவன் கதவைத் திறக்க ஒருநாள் துணியத்தானே வேண்டும். திறந்தால் வெளியே காற்று வரும். மிஞ்சிப் போனால் பார்சல் கம்பெனி இருக்கிறது.

மறுநாள், மாலையில் அவளோடே திரும்புவதாகச் சொல்லி மனைவி பாப்பாவைப் பள்ளிக்கு அழைத்துப் போனபின், அலமாரியைத் துழாவிக் கறுப்புச் சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். உண்மை சொல்லக் கறுப்புதான் பொருத்தம் என்று தோன்றியது. சோப்புத் தூள் டப்பாவிலிருந்து கண்ணாடியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கேமரா முன் உட்கார்ந்தார். சுவரில் தாள் இல்லை. கழுகண்ணன் ஆனபின் முதல் முறையாகச் சொந்தமாகப் பேசப்போகிறார். காதுக்குள் சின்னக் கருவி, அதற்குள் மச்சான். நேரலை என்றால் மச்சான் தம் வீட்டிலிருந்தபடி காதில் குடியேறிவிடுவார். முகத்தைப் பார்க்கமாட்டார். பார்ப்போர் எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்.

"இன்னைக்கு யாரை மாப்ளே?" என்றார் மச்சான்.

"என்னையே" என்றார் கழுகண்ணன். நேரலை தொடங்கியது.

"நான் உங்ககிட்டப் பொய் சொன்னேன்" என்று ஆரம்பித்தார். "எனக்குக் கண்ணு தெரியாது. ஆறடி தள்ளி இருந்தா மனுஷனா மரமான்னு தெரியாது. பலகையெல்லாம் மனப்பாடம். என் வீட்டுக்காரம்மா எழுதிக் குடுக்கிறது."

"மாப்ளே, என்ன பேசுறீங்க" என்றது காது. "நிறுத்துங்க. மாப்ளே. நெஞ்சு அடைக்குது எனக்கு."

"யாரும் கண்ணாடியைக் கழட்டாதீங்க. கழட்டினவங்க மறுபடி மாட்டுங்க. நானே போடுறேன். ஒளிச்சு வெச்சுப் போடுறேன். இதோ பாருங்க, இதுதான்."

பையிலிருந்து கண்ணாடியை எடுத்து உயர்த்தினார். சோப்புத் தூள் பட்ட கண்ணாடி வழுக்கியது. கீழே விழுந்த சத்தம் கேட்டது. எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. தேடுவதற்காக எழுந்து ஓர் அடி எடுத்து வைத்தார். காலுக்கடியில் நறுக்கென்றது. பதறி மறு காலை வைத்தார். மிச்சமும் நறுக்கென்றது.

"உடைஞ்சுபோச்சு" என்றார், மெல்ல. "எல்லாம் உடைஞ்சுபோச்சு."

காதில் மச்சானின் குரல் மாறியிருந்தது. "நிறுத்தாதீங்க மாப்ளே. ஏறுது."

"நான் உண்மையைத்தான் சொல்றேன்."

"அதான் ஏறுதுங்கிறேன். அப்படியே நில்லுங்க. காலை எடுக்காதீங்க."

அவர் நின்றார். அசைந்தால் பாதம் கிழியும் என்ற ஒரே காரணத்தால் வெறும் காலோடு கண்ணாடித் தூள்மேல் சிலைபோல நின்றார். பகைவரின் ஆயுதத்தைக் காலில் போட்டு மிதித்தபடி ஒரு மனிதன் கண்கலங்கி நிற்கும் அந்தக் காட்சியைப் பிறகு பலர் கைப்பேசியின் முகப்புப் படமாக வைத்துக்கொண்டார்கள்.

நேரலை முடிந்ததும் மச்சான் கருத்துகளை வாசித்துக் காட்டினார். முதல் பாதி மிரட்டி எழுதிக் கொடுத்ததை வாசித்தது என்று பெரும்பான்மையோர் கண்டுபிடித்துவிட்டார்கள். கண்ணாடி முதலாளிகள் அண்ணனின் குடும்பத்தைப் பிடித்து வைத்திருக்கலாம். அதனால்தான் வாயால் ஒன்று சொல்லிக் காலால் வேறொன்று சொன்னார். 'தெரியாது என்று சொல்லும் துணிச்சல் தெரிந்தவனுக்குத்தான் வரும்' என்று ஒருவர். பழைய எதிரியான கண் மருத்துவர் ஒருவர் மட்டும், 'இவர் சொல்வது உண்மை என்றே நினைக்கிறேன், தயவுசெய்து நம்புங்கள்' என்று எழுதியிருந்தார். அவரைப் படை சூழ்ந்துகொண்டது.

"எல்லாத்தையும்விட இதான் மாப்ளே அதிகம். 'அண்ணன் திருப்பிப் போட்டுட்டாரு', 'அண்ணன் திருப்பிப் போட்டுட்டாரு'. பார்க்கிற இடமெல்லாம் இதுதான். ஆட்டத்தையே திருப்பிப் போட்டுட்டீங்க. சிரிச்ச முகமா வேற போட்டிருக்கானுங்க, அவ்வளவு சந்தோஷம்."

"நான் ஒத்துக்கிட்டேன் மச்சான். வாய்விட்டு ஒத்துக்கிட்டேன்."

"அதை யாரு இல்லன்னா? இவ்வளவு நல்லா ஒத்துக்கத் தெரிஞ்சவரு ஏன் இத்தனை நாள் வாயை மூடிட்டு இருந்தீங்க? இனிமே வாரா வாரம் ஒத்துக்கலாம். வாரா வாரம் ஒண்ணு மிதிக்கலாம். பழைய கண்ணாடி நான் மொத்தமா வாங்கிடுறேன்."

அவர் காதிலிருந்து மச்சானைப் பிடுங்கி மேசைமேல் வைத்தார். மச்சான் மேசைமேலிருந்தும் சன்னமாகப் பேசிக்கொண்டேயிருந்தார்.

மாலையில் மனைவி மகளோடு திரும்பியபோது அவர் மழைக்கோட்டு, தொப்பி, முகமூடி எல்லாம் மாட்டி, புறப்படத் தயாராக வாசலருகே நின்றிருந்தார். இந்த முறை அவள்தான் அவரைக் குடை என்று ஒரு கணம் நினைத்துவிட்டாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன்."

"நம்பினாங்களா?"

"இல்ல."

அவள் அவர் தொப்பியை நேராக்கினாள். பிறகு முழங்கையைப் பிடித்தாள். "சரி, வாங்க. நாங்க ரெண்டு பேரு நம்புறோம்ல."

கண்ணாடிக் கடை இரண்டு தெரு தள்ளி. சுவரெல்லாம் பளபளப்பு, அவருக்கு ஒளிவெள்ளம். கடைக்காரர் பாப்பாவை உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, எழுத்து அட்டையை வெளிச்சம் போட்டுக் காட்டினார். அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "இது எனக்கு யாரும் சொல்லித் தரலையே" என்றாள். வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு அளவெடுத்து, அப்போதே செய்து தருவதாகச் சொல்லி அளவுச் சீட்டை உள்ளே அனுப்பினார் கடைக்காரர்.

"எனக்கும் ஒண்ணு வேணும்" என்றார் மழைக்கோட்டுக்குள் இருந்தவர்.

கடைக்காரர் கையில் இருந்ததைக் கீழே வைத்தார். "இந்தக் குரல்... அண்ணே, நீங்களா?"

மனைவி முழங்கையை இரண்டு முறை அழுத்தினாள். அவர் பழக்கத்தில் சிரித்துவிட்டு, அடி விழும் என்று தோள்களைக் குறுக்கிக்கொண்டார். கடைக்காரரோ அவர் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார்.

"உங்களாலதாண்ணே இந்தக் கடை நிக்குது. முன்னல்லாம் ஒருத்தன் கண்ணாடி வாங்கினா அஞ்சு வருஷம் எட்டிப் பார்க்க மாட்டான். இப்ப உங்க பேச்சைக் கேட்டுத் தூக்கி எறியுறான். ஒரு வாரம் சுவத்துல முட்டிக்கிறான். நேரா இங்க வர்றான். எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டா வாங்கிட்டுப் போறான். இன்னைக்கு மிதிச்சீங்க பாருங்க, மதியத்துக்கு மேல கூட்டம் தாங்கல."

"அதெல்லாம் பொய்னு இன்னைக்குச் சொன்னேனே."

"கேட்டேண்ணே. கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

"சரி, எனக்கு ஒரு கண்ணாடி போட்டுக் குடுங்க."

கடைக்காரர் ஓர் அடி பின்வாங்கினார். "அது மட்டும் முடியாதுண்ணே. உங்க மூக்குல கண்ணாடி மாட்டின பாவம் என் கையால நடக்க வேணாம். நாளைக்கே விஷயம் வெளிய வந்தா என் பொழப்பு என்னாகும்? பாப்பாவுக்குத் தாராளமா. அதுக்குக்கூட நீங்க சின்னதா ஒரு எதிர்ப்பு காட்டினா நல்லாருக்கும்."

கழுகண்ணன் உட்கார்ந்தார். மழைக்கோட்டுக்குள் வியர்வை ஊற்றியது. இனி ஒளிந்து என்ன ஆகப்போகிறது என்று கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எதிரே ஆளுயர நிலைக்கண்ணாடி இருந்தது. அதில் கறுப்பாக ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்தது. அது அவரைப் பார்த்ததா இல்லையா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

உள்ளேயிருந்து கண்ணாடி வந்தது. பாப்பா மாட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து இறங்கினாள். அம்மாவைப் பார்த்தாள். "அம்மா, உனக்குக் கன்னத்துல மச்சம் இருக்கு" என்றாள். மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள். தரையைக் குனிந்து பார்த்தாள். பிறகு நடந்துவந்து அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"தனியாகத் துவைக்கவும்" என்றாள், நிறுத்தி நிறுத்தி, எழுத்தெழுத்தாக.

அவர் துணுக்குற்றார். "அதை யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. நானே படிச்சேன். உன் கழுத்துக்குப் பின்னாடி எழுதியிருக்கு."

மனைவி எழுந்துவந்து பார்த்தாள். கடைக்காரரும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

சட்டையை அவர் காலையிலிருந்து திருப்பிப் போட்டிருந்தார்.